கூடாமல் போன மேற்கை எலும்பு: டேவிட் லிவிங்ஸ்டனின் இடக்கை குறித்த நிகழ்வு ஆய்வு

1874 ஏப்ரல் 15ஆம் நாள் மாலை, லண்டன் நகரின் சவில் ரோ தெருவில் இருந்த ராயல் புவியியல் கழகத்தின் கட்டடத்தில், நான்கடிக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள ஒரு பொதி பிரிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் இறந்த ஒரு மனிதரின் உடல் அதில் இருந்தது. உள்ளுறுப்புகள் அகற்றப்பட்டு, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி, கால்களை மடக்கிச் சுற்றப்பட்ட அந்த உடலின் முகத்தைப் பார்த்து இன்னார் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்வதற்கு நாள் குறிக்கப்பட்டிருந்த நிலையில், வந்திருப்பது ஆப்பிரிக்காவில் நெடும்பயணங்கள் மேற்கொண்ட சமயப் பணியாளரும் மருத்துவருமான டேவிட் லிவிங்ஸ்டனின் உடல்தானா என்ற கேள்விக்கு மருத்துவ முறையில் விடை காண வேண்டியிருந்தது. சர் வில்லியம் ஃபெர்குசன் என்னும் அறுவை மருத்துவர் இடக்கையின் மேற்பகுதியைப் பரிசோதித்து அந்த விடையைத் தந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் முறிந்து, பின்னர் ஒருபோதும் ஒன்று கூடாத ஓர் எலும்பு அங்கே இருந்தது.

அந்த எலும்பு ஏன் முறிந்தது, ஏன் கூடவில்லை, கூடாத எலும்போடு ஒரு கை எவ்வாறு முப்பதாண்டுகள் வேலை செய்தது, அந்தக் குறையே எவ்வாறு அடையாளச் சான்றாகியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கையின் எலும்பமைப்பைக் கற்பிக்க இதைவிடச் செறிவான நிகழ்வை நான் கண்டதில்லை. மேற்கை எலும்பின் நடுத்தண்டு, அதைச் சூழ்ந்த தசைகள், அதை ஒட்டிச் செல்லும் நரம்பு, அதற்குள் நுழையும் குருதிக்குழாய் ஆகிய நான்கையும் ஒருசேர விளங்கிக்கொள்ளாமல் இந்த நிகழ்வை விளக்க முடியாது.

காயத்தின் வரலாறு

லிவிங்ஸ்டன் 1813இல் ஸ்காட்லாந்தின் பிளான்டயரில் பிறந்தார். 1840இல் கிளாஸ்கோவில் மருத்துவத் தகுதி பெற்று, சமயப் பணியாளராகத் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். 1844இன் தொடக்கத்தில், மபோட்சா என்னும் இடத்தில் பக்கட்லா மக்களின் கால்நடைகளைச் சிங்கங்கள் தாக்கி வந்ததால், அவற்றுள் ஒன்றைக் கொன்றால் மற்றவை அப்பகுதியை விட்டு அகலும் என்று கருதி மக்களுடன் வேட்டைக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது. சிறு புதருக்குப் பின்னே பாறைமீது அமர்ந்திருந்த ஒரு சிங்கத்தை நோக்கி ஏறக்குறைய முப்பது கஜத் தொலைவிலிருந்து இரட்டைக் குழல் துப்பாக்கியின் இரு குண்டுகளையும் சுட்டார். குண்டுகள் பாய்ந்தும் சிங்கம் உடனே விழவில்லை. அவர் மறுபடியும் குண்டுகளைத் திணித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது பாய்ந்து அவரது தோளைக் கவ்வி, இருவரும் ஒன்றாக நிலத்தில் விழுந்தனர்.

எலி பிடிக்கும் நாய் எலியை உதறுவதைப்போலச் சிங்கம் தம்மை உதறியது என்றும், அந்த அதிர்ச்சியில் வலியோ அச்சமோ தோன்றாத ஒருவித மயக்க நிலை ஏற்பட்டது என்றும், நடப்பவை அனைத்தும் தமக்குத் தெரிந்துகொண்டே இருந்தன என்றும் அவரே 1857இல் எழுதினார். மெபால்வே என்னும் உள்ளூர் ஆசிரியர் பத்துப் பதினைந்து கஜத் தொலைவிலிருந்து சுட முயன்றார். அவருடைய துப்பாக்கியின் இரு குழல்களும் வெடிக்கவில்லை. ஆனாலும் சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டு மெபால்வேயின் தொடையைக் கடித்தது. ஈட்டியோடு முன்வந்த மற்றொருவரின் தோளையும் பற்றியது. அதற்குள் முதலில் பாய்ந்த குண்டுகள் தம் வேலையைச் செய்துவிட, அது செத்து விழுந்தது. லிவிங்ஸ்டன் உயிர் பிழைத்தமைக்கு முதற்காரணம் மெபால்வே என்பதை அந்த வரலாற்றைப் படிக்கும் எவரும் மறுக்க முடியாது. மருத்துவக் குறிப்புகளில் அவர் பெயர் அரிதாகவே இடம்பெறுவதால் அதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

லிவிங்ஸ்டனின் மேற்கையில் பதினொரு பற்காயங்கள் இருந்தன. எலும்பு சில்லுகளாக நொறுங்கியிருந்தது. இன்றைய வகைப்பாட்டின்படி இது வெளித்திறந்த, பல துண்டான முறிவு. விலங்கின் எச்சில் காயத்துக்குள் சென்றதால் மாசடைந்த முறிவும்கூட.

மேற்கை எலும்பு

தோள்முதல் விரல்நுனிவரை ஒரு கையில் முப்பது எலும்புகள் உள்ளன. மேற்கையில் ஒன்று, முன்கையில் ஆரை, அரந்தி என இரண்டு, மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு என்பது கணக்கு. கையை உடலோடு பிணைக்கும் காறை எலும்பையும் தோள்பட்டை எலும்பையும் சேர்த்தால் முப்பத்திரண்டாகும். இந்தப் பகிர்வைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். முன்கையில் ஓர் எலும்பு முறிந்தால் மற்றொன்று அணைகோலாக நிற்கும். மணிக்கட்டில் ஒன்று நொறுங்கினாலும் அண்டை எலும்புகள் வடிவத்தைக் காக்கும். மேற்கைக்கோ அத்தகைய துணை கிடையாது. தோளுக்கும் முழங்கைக்கும் இடையே ஒற்றை எலும்பே முழு நெம்புகோலாக நிற்கிறது.

அந்த எலும்பின் மேல்முனையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கோளத்தைப் போன்ற வழவழப்பான தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்துகிறது. கீழ்முனை தட்டையாகி, அரந்தி எலும்பைப் பற்றும் கப்பி போன்ற பரப்பையும் ஆரை எலும்பு சுழல்வதற்கான சிறு உருண்டையையும் தாங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தண்டு மேலே உருளையாகவும் கீழே முக்கோண வடிவாகவும் மாறிச் செல்கிறது. இந்நிகழ்வுக்கு முக்கியமானது அந்தத் தண்டின் நடுப்பகுதியே.

வாசகர் தம் வலக்கையால் இடத்தோளின் வெளிப்புறத்தைப் பற்றி, இடக்கையைப் பக்கவாட்டில் சற்றே உயர்த்திப் பார்க்கட்டும். தோளைப் போர்த்தியிருக்கும் முக்கோணத் தசை விறைத்து, கீழே போகப் போக ஒடுங்கி, மேற்கையின் நடுப்பகுதியில் வெளிப்புறமாக ஒரு சிறு பள்ளத்தில் முடிவதை விரல் உணரும். அந்தப் பள்ளத்துக்கு அடியில் எலும்பின்மேல் ஒரு சொரசொரப்பான மேடு உண்டு. முக்கோணத் தசையின் முன், நடு, பின் இழைகள் அனைத்தும் ஒன்று சேர்ந்து அந்த மேட்டைப் பற்றித்தான் கையை மேலே தூக்குகின்றன. உலர்ந்த எலும்பைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அந்த மேடு விரலுக்கு அகப்படும். லிவிங்ஸ்டனின் எலும்பு முறிந்தது சரியாக அந்த இடத்தில், சாய்வான கோட்டில்.

அந்த மேட்டுக்குப் பின்னால், தண்டின் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டு, ஆழமற்ற ஒரு வரிப்பள்ளம் இறங்குகிறது. ஆரை நரம்பு அந்த வழியில் எலும்பை ஒட்டியே செல்கிறது. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளுக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்பு அது. மேற்கைத் தண்டு முறிந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்நரம்பு பாதிக்கப்பட்டு, மணிக்கட்டு தொய்ந்து விழுவதை இன்றும் காண்கிறோம். லிவிங்ஸ்டன் பின்னாளில் அந்தக் கையோடு செய்த வேலைகளைப் பார்க்கையில், அவருக்கு நிலையான மணிக்கட்டுத் தொய்வு ஏற்படவில்லை என்றே கொள்ள வேண்டும். எலும்பு சில்லாக நொறுங்கியும் அதை உரசிச் செல்லும் நரம்பு தப்பியது அவரது நற்பேறு.

ஏன் கூடவில்லை

மேற்கைத் தண்டின் முறிவு பொதுவாகக் கூடக்கூடியது. உட்புறமாகத் திரளும் குருதிக்கட்டியில் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் மென்மையான இணைப்புத் திசு உருவாகி, அது படிப்படியாகச் சுண்ணமேறி எலும்பாகி, எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் பெரும்பாலோருக்கு உறுதியான இணைப்பு ஏற்படுகிறது. இந்தப் போக்கைத் தடுக்கும் காரணிகள் பல. லிவிங்ஸ்டனின் நிலையில் அவற்றில் பலவும் ஒரே நேரத்தில் கூடி நின்றன என்பது என் மதிப்பீடு.

முதலாவதாகத் தசையிழுப்பைக் கருத வேண்டும். முறிவு முக்கோணத் தசையின் பற்றிடத்துக்குக் கீழே அமைந்தால் மேல்துண்டை அந்தத் தசை வெளிப்புறமாக இழுக்கிறது. முறிவு பற்றிடத்துக்கு மேலே அமைந்தால் மார்புத் தசை மேல்துண்டை உட்புறமாகவும், முக்கோணத் தசை கீழ்த்துண்டை மேலும் வெளியுமாகவும் இழுக்கின்றன. பற்றிடத்திலேயே சாய்வாக முறியும்போது, தசையிழைகளில் ஒரு பங்கு மேல்துண்டிலும் ஒரு பங்கு கீழ்த்துண்டிலும் தங்கிப்போகக் கூடும். கையைச் சிறிதே அசைத்தாலும் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். தொடர்ந்து அசையும் முனைகளுக்கு இடையே எலும்பு உருவாவதில்லை, நார்த்திசுவும் குருத்தெலும்புமே உருவாகின்றன.

இரண்டாவது காரணி குருதி. மேற்கைத் தமனியிலிருந்து பிரியும் ஊட்டக்குழாய், தண்டின் நடுப்பகுதியில் உட்புறமாக உள்ள சிறு துளை வழியே எலும்புக்குள் நுழைந்து மச்சைக்கும் (எலும்பு மஜ்ஜை) உட்படலத்துக்கும் குருதி தருகிறது. அந்த மட்டத்தில் எலும்பு நொறுங்கினால் ஊட்டக்குழாய் அறுபடும் வாய்ப்பு மிகுதி. பிறகு எஞ்சுவது எலும்பின் மேலுறையிலிருந்து வரும் குருதி மட்டுமே. பதினொரு பற்கள் துளைத்த மேற்கையில் அந்த மேலுறையும் கிழிந்திருக்கும்.

மூன்றாவது, தொற்று. சிங்கம், சிறுத்தை போன்ற பூனையினங்களின் வாயில் பாஸ்டுரெல்லா உள்ளிட்ட நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. தாம் அணிந்திருந்த கட்டம்போட்ட கம்பளிச் சட்டை சிங்கத்தின் பற்களிலிருந்த நஞ்சைத் துடைத்துவிட்டதால்தான் தமக்கு ஒரு பொய்மூட்டோடு (கூடாத முறிவிடம் மூட்டுபோல் அசைவது) தொல்லை முடிந்தது என்றும், சட்டையின்றிக் கடிபட்ட மற்ற இருவரும் மிகுந்த வேதனைப்பட்டனர் என்றும் லிவிங்ஸ்டன் எழுதுகிறார். தோளில் கடிபட்டவரின் காயம் அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மறுபடியும் வெடித்து வடிந்ததை நேரில் கண்டதாகவும் குறிப்பிடுகிறார். நுண்ணுயிரிக் கோட்பாடு நிலைபெறாத காலத்தில் எழுதப்பட்ட அந்த அவதானிப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆழத்தில் அடங்கியிருந்த சீழ் ஓராண்டு கழித்து வழி திறந்து வெளியேறியது என்று இன்று அதை எளிதாக விளக்கலாம்.

இவற்றோடு காலத்தின் வரம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈதர் மயக்க மருந்து பொதுவெளியில் செயல்படுத்திக் காட்டப்பட்டது 1846இல். மாவுக்கட்டுத் துணி 1850களின் தொடக்கத்தில் வந்தது. லிஸ்டரின் கிருமியொழிப்பு முறை அறிவிக்கப்பட்டது 1867இல். எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது 1895இல். 1844இல் இவற்றில் ஒன்றும் இல்லை. எலும்பு வெளித்தெரிய முறிந்த கையை வெட்டியெறிவதே அக்கால மருத்துவமனைகளில் பெரும்பாலும் கைக்கொள்ளப்பட்ட வழி. தன்னந்தனி மருத்துவராக இருந்த லிவிங்ஸ்டன் தமக்குத்தாமே மருத்துவராகி, முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டும் வேலையைத் தாமே வழிநடத்தினார். கையை இழக்காமல் காத்தார். பொருத்தம் மட்டும் நிலைக்கவில்லை.

பொய்மூட்டோடு ஒரு வாழ்க்கை

கூடாத முறிவின் முனைகள் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று உரசும்போது, அவை வழவழப்பாகி, குருத்தெலும்பு போன்ற உறை போர்த்தி, சுற்றிலும் நார்ப்பை உருவாகி, சிலருக்கு உள்ளே நீர்மமும் சுரந்து, உண்மையான மூட்டைப் போலவே தோற்றம் கொள்கின்றன. அதைப் பொய்மூட்டு என்கிறோம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, இயற்கையில் மூட்டே இல்லாத இடத்தில், லிவிங்ஸ்டனுக்கு அப்படியொன்று உருவாயிற்று.

அவர் அந்தக் கையை எஞ்சிய வாழ்நாளில் தோளுக்கு மேல் சரிவர உயர்த்த முடியாமல் இருந்தமைக்கு இதுவே காரணம். முக்கோணத் தசை சுருங்கும்போது அதன் விசை கீழ்த்துண்டுவரை முழுமையாகச் சென்று சேராமல் பொய்மூட்டில் மடங்கி வீணாகிறது. துப்பாக்கியை வலத்தோளில் வைத்தால் குழலைத் தாங்க இடக்கை உயர்ந்து நிலையாக நிற்க வேண்டும். அது இயலாததால் அவர் இடத்தோளில் வைத்து, இடக்கண்ணால் குறிபார்த்து, வலக்கையால் குழலைத் தாங்கிச் சுடக் கற்றுக்கொண்டார். கையின் இயக்கவியலை விளக்கும் மாற்றம் இது. முறிந்த கைக்கு உயர்த்தும் வேலை நீக்கப்பட்டு, முழங்கை மடங்கிய நிலையில் உடலோடு ஒட்டி நிற்கும் வேலை மட்டும் தரப்பட்டது. முன்புறம் இருதலைத் தசையும் பின்புறம் முத்தலைத் தசையும் முறிவிடத்தைத் தாண்டிச் சென்று இரு பக்கமும் அணைகட்டுபோல நெருக்கிப் பிடிப்பதால், அந்த நிலையில் பொய்மூட்டு அதிகம் ஆடாது.

இந்தக் கையோடுதான் அவர் 1854இல் மேற்குக் கரையின் லுவாண்டாவை அடைந்து, 1855 நவம்பரில் ஸாம்பெசி ஆற்றின் பேரருவியைக் கண்டு, 1856 மே மாதம் கிழக்குக் கரையின் கெலிமானேவை எட்டினார். கூடாத எலும்பை வைத்துக்கொண்டு இது எப்படி முடியும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தோள்மூட்டின் அசைவெல்லை மிகப் பெரியது என்பதும், கை உடலின் எடையைத் தாங்கும் உறுப்பன்று என்பதும் அதற்கு விடை. மேற்கை எலும்பு மூன்று சென்டிமீட்டர் குறுகினாலும், முன்பக்கம் இருபது பாகை வளைந்து கூடினாலும் அன்றாட வேலைக்குப் பெரிய இடையூறு வராது என்பது எலும்பு மருத்துவத்தில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவு. இதே பொய்மூட்டு தொடை எலும்பில் ஏற்பட்டிருந்தால் அவர் ஒரு நாள் வழியைக்கூட நடந்து கடந்திருக்க மாட்டார்.

உடல் வந்த வழி

1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய ஸாம்பியாவில் பங்வேயுலு ஏரிக்குத் தெற்கே, சிதாம்போவின் ஊரில் லிவிங்ஸ்டன் இறந்தார். அவருடன் இருந்த சூசி, சூமா ஆகியோரும் தோழர்களும் உடலைக் கடற்கரைவரை கொண்டுசெல்ல முடிவெடுத்தனர். இதயமும் உள்ளுறுப்புகளும் அங்கேயே மரத்தடியில் புதைக்கப்பட்டன. உடலை இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி, துணியில் சுற்றி, மரப்பட்டை உருளைக்குள் இட்டு, பாய்மரத் துணியால் தைத்துத் தார் பூசினர். வழியில் உன்யன்யெம்பேயில் எதிர்ப்பட்ட ஆங்கிலேய அதிகாரி கேமரன் உடலை அங்கேயே அடக்கம் செய்துவிடலாம் என்று சொன்னபோது அவர்கள் இணங்கவில்லை. பிணத்தைத் தம் நிலத்தின் வழியே கொண்டுசெல்ல ஊரார் தடுத்தபோது, சோளத்தட்டைகளால் ஒரு போலிப் பொதி கட்டி அதை அடக்கம் செய்யத் திருப்பியனுப்புவதாகக் காட்டி, உண்மையான உடலைச் சரக்குப் பொதிபோல் மாற்றிக் கட்டிச் சுமந்தனர். 1,600 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, 1874 பிப்ரவரியில் பகமோயோ கடற்கரையை அடைந்தனர்.

தடயவியல் நோக்கில் இந்தப் பகுதி முக்கியமானது. உடல் ஒரு கட்டத்தில் மாற்றிக் கட்டப்பட்டது என்பதும், போலிப் பொதி ஒன்று இருந்தது என்பதும், வழியில் உடலைக் கண்ட ஐரோப்பியர் மிகச் சிலரே என்பதும் லண்டனில் ஐயத்துக்கு இடமளிக்கக்கூடியவை. சுமந்து வந்தவர்களின் சொல் முழுவதும் உண்மை என்பதை அந்த எலும்புதான் மெய்ப்பித்தது.

பரிசோதனையும் அதன் தருக்கமும்

ஃபெர்குசன் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் அறுவை மருத்துவப் பேராசிரியர். வெட்டியெறியாமல் உறுப்பைக் காப்பாற்றும் அறுவை முறைக்காக வாதிட்டவர். லிவிங்ஸ்டன் கடைசியாக லண்டனுக்கு வந்திருந்தபோது அந்தக் கையைப் பற்றி இவரிடம் கருத்துக் கேட்டிருந்தார். உயிரோடு இருந்தபோது தாம் சோதித்த அதே கையை இப்போது இறந்த நிலையில் சோதிக்கிறார். இந்தத் தற்செயல்தான் அடையாளம் காணுதலின் அடித்தளம்.

இடக்கையின் மேல் சுருங்கி ஒட்டியிருந்த தோலிலும் தசையிலும் விரலை ஓட்டியதும், முக்கோணத் தசை பற்றும் அதே மட்டத்தில் சாய்வான முறிவின் குறி தட்டுப்பட்டது. கையை அசைத்தபோது நடுத்தண்டு அசைந்தது. பின்னர் அறுத்துத் திறந்து பார்க்கையில் பொய்மூட்டு வெளிப்பட்டது. லிவிங்ஸ்டனின் மாமனார் ராபர்ட் மொஃபட்டும், லிவிங்ஸ்டனுடன் ஸாம்பெசியில் பணியாற்றிய மருத்துவர் ஜான் கிர்க்கும், ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் ஊர் மருத்துவர் லௌடனும் அதைக் கண்டவுடன் உறுதிசெய்தனர்.

ஃபெர்குசன் முன்வைத்த தருக்கத்தை நான் இன்றும் வகுப்பில் எடுத்துச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான எலும்புக்கூடுகளைச் சோதித்தாலும் பெரும்பாலானவற்றில் மேற்கை எலும்பு பழுதின்றி இருக்கும், முறிந்திருந்தாலும் கூடியிருக்கும், அதைத் தொடக்கநிலை மாணவரும் கண்டுகொள்வார். இந்த இடத்தில் கூடாத முறிவு மிக மிக அரிது. அத்தகைய ஒன்று உண்டு என்று தகுதியுள்ளவர்கள் முன்பே அறிந்திருந்த ஒரு மனிதரின் உடலாக அல்லாமல், ஆப்பிரிக்காவின் நடுவிலிருந்து லண்டனுக்கு அப்படியோர் எலும்பு வந்து சேர்ந்திருக்க முடியும் என்பது நம்பத்தக்கதன்று. அவர் வாதத்தின் சாரம் இதுவே. இறப்புக்கு முந்தைய பதிவு, அரிதான தனிக்குறி, இரண்டும் ஒரே இடத்தில் பொருந்துதல் என்று இன்றைய தடயவியல் கேட்கும் மூன்றும் அதில் உள்ளன. எக்ஸ் கதிர்ப் படத்தை எக்ஸ் கதிர்ப் படத்தோடு ஒப்பிடும் வசதி வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, விரல்நுனியின் நினைவைக் கொண்டு அந்த ஒப்பீடு செய்யப்பட்டிருக்கிறது.

இத்தகைய முறிவோடு இன்று ஒருவர் வந்தால், முதல் சில மணி நேரத்திலேயே காயம் திறந்து கழுவப்படும். இறந்த திசு அகற்றப்படும். நுண்ணுயிரெதிர்ப்பு மருந்தும் டெட்டனஸ், வெறிநாய்க்கடித் தடுப்பும் தரப்படும். ஆரை நரம்பின் நிலை குறித்து வைக்கப்படும். எலும்பு வெளிச்சட்டகத்தால் நிறுத்தப்படும். கூடாமல் போனால் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளை நிரப்பி, தகடும் திருகும் பொருத்துவார்கள்.

1874 ஏப்ரல் 18ஆம் நாள் லிவிங்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் நடுமண்டபத் தரையில் அடக்கம் செய்யப்பட்டார். உடலோடு கப்பலில் வந்திருந்த ஜேக்கப் வெயின்ரைட் பேழையைத் தாங்கி வந்தவர்களில் ஒருவராக நின்றார். சிதாம்போவில் அந்தக் கையை உடலோடு சேர்த்துத் துணியில் சுற்றிய சூசியும் சூமாவும் இங்கிலாந்தை அடைந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.